இரண்டு தராசுகள்

வீட்டுக்கு வீடு எரிவாயு அடுப்பு வருவதற்கு முன்பு, சென்னையில் பேட்டைக்குப் பேட்டை விறகுத் தொட்டி இருந்தது. கூரையின் உத்தரத்திலிருந்து இரும்புச் சங்கிலியில் ஒரு பெரிய தராசு தொங்கும். சிறுவனாக இருந்தபோது, கடைக்காரர் கவனிக்காத நேரம் பார்த்து அதன் தட்டில் ஒரு கூழாங்கல்லை வைத்துப் பார்ப்பேன். தராசு சற்றும் அசையாது. அதே தெருக்கோடியில் ஒரு பொற்கொல்லர் இருந்தார். அவருடைய தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு குன்றிமணியைப் போட்டால் போதும், முள் சாய்ந்துவிடும். மூச்சுக் காற்றுப் படாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிறுப்பார். இரண்டில் எதுவும் பொய்த் தராசு அன்று. நிறுக்கும் பொருள் வேறு. அதற்கேற்பத் தராசும் வேறு.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்கறிஞர் தொழிலில் இருந்துவிட்டு, இப்போது கோட்டூர்புரத்தில், அடையாற்றின் கரைக்கு அருகே, ஓய்வாக வாழ்ந்து வருகிறேன். மாலை வேளைகளில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சென்று வருவது வழக்கம். அங்கே சட்டம் பயிலும் இளைஞர்கள் சிலர் என்னோடு பழகுவார்கள். அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒருவர் தவறு செய்தார் என்று இலாகா விசாரணை நடத்தி அவரை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். அதே தவற்றுக்காகக் குற்ற வழக்கும் நடக்கிறது. அதில் அவர் விடுதலை ஆகிறார். அப்படியானால் இரண்டில் எது உண்மை?" இந்தக் கேள்விக்கு விடை கூறும்போதெல்லாம் அந்த இரண்டு தராசுகளும் என் நினைவுக்கு வரும். அவற்றோடு, நான் தவறான தராசுக்கு வழிகாட்டி அனுப்பிவிட்ட ஒரு பெண்ணின் முகமும் நினைவுக்கு வரும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தராசையே உவமையாகக் காட்டினார். நம் நாட்டுச் சட்டமோ, வேலையிடத்தில் நேரும் அநீதியை நிறுப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தராசுகளை வைத்திருக்கிறது. எந்தப் பொருளை எந்தத் தராசில் இடுவது என்பதை அறிவதே வழக்கறிஞனின் முதற் கடமை. இன்று நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

குற்ற வழக்கு என்பது விறகுத் தொட்டித் தராசு. அங்கே வழக்குத் தொடுப்பது அரசாங்கம். எதிரே நிற்பவன் தனி மனிதன். தோற்றால் அவன் இழப்பது தன் சுதந்திரத்தை. சில வழக்குகளில் உயிரையே இழக்க நேரிடும். ஆகையால் நியாயமான சந்தேகம் எதுவும் எஞ்சாத வண்ணம் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால்தான் அந்தத் தராசு சாயவேண்டும் என்பது விதி. ஒரு சாட்சி, ஓர் ஊகம், ஊரார் பேச்சு ஆகியவற்றுக்கெல்லாம் அது அசைந்துவிடக் கூடாது.

அசையக் கூடாத போது அசைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை நகரமே ஒரு சான்று வைத்திருக்கிறது. 1944-ஆம் ஆண்டு நவம்பரில் 'இந்து நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலைச் சதியில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பட்டனர். 1945-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, மறுபடி சென்னை ஹைகோர்ட்டில் விசாரிக்கப்பட்டது. அங்கே அவர்களுக்காக வழக்கறிஞர் எத்திராஜ் வாதாடினார். 1947-இல் இருவரும் விடுதலை ஆயினர். ஆயினும் அவர்கள் சிறையில் கழித்த இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை யாரால் திருப்பித் தர முடிந்தது? பாகவதரின் பழைய புகழும் செல்வமும் அதன்பின் அவரிடம் திரும்பவேயில்லை. விறகுத் தொட்டித் தராசு ஏன் கனமாக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனி மற்றொரு தராசைப் பார்ப்போம். ஒருவர் ஒரு பதவியில் தொடரத் தக்கவரா, சக ஊழியரிடம் முறையாக நடந்துகொண்டாரா என்று ஆராய்வது இலாகா விசாரணை. அங்கே யாரும் சிறைக்கு அனுப்பப்படுவதில்லை. ஆகவே சந்தேகத்துக்கு இடமே இல்லாத நிரூபணம் அங்கே தேவையில்லை. கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் எது நடந்திருக்கக்கூடும், எந்தப் பக்கம் கனம் மிகுதி என்பதே கேள்வி. இது பொற்கொல்லரின் தராசு.

நம் தமிழ்நாட்டில் எழுந்த வழக்கு ஒன்றே இதை விளக்கும். 1999-ஆம் ஆண்டு ஜூலை மாதம் குற்றாலம் சீசன் பந்தோபஸ்துக்காக அனுப்பப்பட்ட காவலர் ஒருவர், குடித்துவிட்டு, தென்காசிப் பேருந்து நிலையத்தில் கணவனோடு நின்றிருந்த பெண் ஒருத்தியிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. காவல் துறை விசாரித்து அவரை வேலையிலிருந்து நீக்கியது. பெண்களைத் தொல்லைப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு 1998-இல் இயற்றிய சட்டத்தின் கீழ்க் குற்ற வழக்கும் நடந்தது. அந்த வழக்கில், பிராது கொடுத்த கணவனும் மனைவியுமே பிறழ் சாட்சிகளாகிவிட்டனர். காவலர் விடுதலை ஆனார். விடுதலை ஆனவருக்கு வேலையைத் திருப்பித் தரவேண்டாமா? ஹைகோர்ட் தரவேண்டும் என்றது. சுப்ரீம் கோர்ட் 2012-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் அதை மாற்றி, வேலை நீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சாட்சிகள் பின்வாங்கியதால் கிடைத்த விடுதலை வேறு. வழக்கை முழுவதும் ஆராய்ந்து, குற்றமற்றவர் என்று கண்டு, மதிப்போடு அளிக்கும் விடுதலை வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. அத்துடன் நிற்காமல், பேருந்து நிலையம் முதலிய பொது இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலர்களை நிறுத்தவேண்டும் என்றும் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

ஆகவே நூலகத்து இளைஞர்களுக்கு நான் கூறும் விடை இதுதான். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒரு தராசு அசையவில்லை என்பதால் தட்டில் பொருளே இல்லை என்று ஆகிவிடாது.

ஆனால் பொற்கொல்லர் தராசுக்கும் ஓர் ஆபத்து உண்டு. எளிதில் சாயும் தராசை யாரேனும் ஊதிவிட்டாலும் சாயும். அந்த ஆபத்தில் அகப்படுபவர் பெரும்பாலும் எளியவரே. கோலார் தங்கச் சுரங்கத்தில் ஒரு பாதுகாப்பு அதிகாரி இருந்தார். 1985-இல் அவர் வீட்டில் சோதனை நடந்தது. தங்கமும் தங்கம் கலந்த மணலும் கிடைத்ததாகச் சொன்னார்கள். அவரை இடைநீக்கம் செய்தார்கள். இடைநீக்கக் காலத்தில் கொடுக்கவேண்டிய பிழைப்பூதியத்தையும் கொடுக்கவில்லை. ஊரை விட்டுச் சென்றிருந்த அவர், கையில் பணம் இன்றி விசாரணைக்கு வர இயலாமல் தவித்தார். குற்ற வழக்கு முடியும்வரை பொறுக்கும்படி கேட்டார். பொறுக்கவில்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்து, வேலையிலிருந்து நீக்கினார்கள். பின்னர்க் குற்ற வழக்கில், அந்தச் சோதனையையே நம்ப முடியாது என்று கோர்ட்டு கூறி அவரை விடுவித்தது. வேலைக்காக அவர் தொடுத்த வழக்கு 1999-இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிவுற்றது. இரண்டு இடங்களிலும் அதே நிகழ்ச்சி, அதே சாட்சிகள். சாட்சியமே நிற்கவில்லை என்று ஆனபின், அவர் இல்லாத வேளையில் எழுதிய முடிவை வைத்துக்கொள்வது அநியாயம் என்று அந்த நீதிமன்றம் கூறி, அவருக்கு மீண்டும் பணி அளிக்கச் செய்தது. நீக்கப்பட்டது முதல் தீர்ப்பு வரை சென்றது பதின்மூன்று ஆண்டுக் காலம்!

தென்காசி வழக்கையும் கோலார் வழக்கையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். ஒன்று, குற்ற வழக்கின் விடுதலையைக் காட்டி வேலையிடத்து நியாயத்திலிருந்து தப்ப முடியாது என்கிறது. மற்றொன்று, இலகுவான விசாரணை என்பதற்காக ஒருவனுடைய வாயை அடைத்துவிட்டு நிறுக்க முடியாது என்கிறது. குற்றம் சாட்டுபவருக்கும் சாட்டப்பட்டவருக்கும் இரண்டும் ஒருசேரத் தேவை.

இதுவரை கூறியவை ஒரு மனிதன் செய்த தவற்றைப் பற்றியவை. சில இடங்களில் தவறு செய்தவர் யார் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது. விதியே தவறாக இருக்கும். தராசு நேராக நிற்கும், தட்டும் சமமாக இருக்கும். எடைக்கல்லே பொய்க்கல்லாக இருந்தால் என்ன செய்வது? அப்போது அரசியல் சட்டம் அளித்த 14, 15, 16 ஆகிய விதிகளைக் கையில் ஏந்தி ஹைகோர்ட்டுக்கோ சுப்ரீம் கோர்ட்டுக்கோ செல்லவேண்டும். அது எடைக்கல்லைச் சோதித்து முத்திரையிடும் இடம்.

குடகில் பிறந்து, சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர் முத்தம்மா. இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி அவரே. அந்தப் பணியின் விதிகளில், பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ளுமுன் அரசாங்கத்தின் அனுமதியை எழுத்து மூலம் பெறவேண்டும் என்று இருந்தது. குடும்பக் கடமைகள் அலுவலுக்கு இடையூறு என்று அரசாங்கம் கருதினால், மணமான பெண் பதவி விலக நேரிடலாம் என்றும் இருந்தது. ஆண் அதிகாரிக்கு இவை எதுவும் இல்லை. தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வு அளித்துவிட்டது; அந்த விதிகளையும் நீக்கிவிடுவதாகக் கூறியது. 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவைத் தள்ளுபடி செய்தார். தள்ளியது மனுவை மட்டுமே, அதில் எழுந்த பிரச்சினையை அன்று என்பதையும் அவர் தெளிவாக எழுதி வைத்தார். ஏடுகளின்படி முத்தம்மா அந்த வழக்கில் வென்றவர் அல்லர். அவருக்குப் பின் வந்த பெண்கள் அனைவரும் வென்றார்கள்.

நம் சென்னை ஹைகோர்ட்டும் இத்தகைய எடைக்கற்களைச் சோதித்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பெண்கள் இரவில் ஆலைகளில் வேலை செய்வதைத் தடுத்து வைத்திருந்தது. பாதுகாப்புக் கருதிச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அதனாலேயே பல வேலைகள் பெண்களுக்கு மறுக்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில், வசந்தா என்பவர் பெயரால் அமைந்த வழக்கில், அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு முதலியவற்றை முதலாளியே செய்து தரவேண்டும் என்ற நிபந்தனைகளையும் விதித்தது. தீங்கு செய்பவனை அடக்குவதற்குப் பதில் பெண்ணை வீட்டில் இருக்கச் சொல்வது பாதுகாப்பு ஆகாது என்பதே அதன் சாரம்.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். அவர் திருநங்கை. விண்ணப்பத் தாளில் ஆண், பெண் என்னும் இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தேர்வின் ஒவ்வொரு படியிலும் கோர்ட்டின் கதவைத் தட்டித்தான் அவர் முன்னேற வேண்டியிருந்தது. 2015-ஆம் ஆண்டு நவம்பரில் ஹைகோர்ட் அவருடைய உரிமையை நிலைநாட்டியது. 2017-இல் அவர் பதவி ஏற்றார். ஒரு தாளில் ஒரு கட்டம் இல்லாததற்கு இத்தனை போராட்டம் வேண்டியிருந்தது.

இந்த மூன்று வழக்குகளிலும் வழக்கறிஞர்கள் செய்த பணியைக் கவனிக்கவேண்டும். எவரையும் சிறைக்கு அனுப்பும்படி அவர்கள் கேட்கவில்லை. "இந்த விதி செல்லாது" என்று கேட்டார்கள். எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்டதனால்தான் கிடைத்தது.

மூன்று வழிகளும் ஒரே இடத்தில் வந்து கூடிய வழக்கு ஒன்று உண்டு. ராஜஸ்தானில் பட்டேரி என்னும் சிற்றூரில் பன்வாரி தேவி என்ற பெண், அரசாங்கத்தின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியராக இருந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய அலுவல்களில் ஒன்று. அலுவலைச் செய்தார். அதற்குப் பழிவாங்கும் வகையில் 1992-இல் அவரைப் பலர் சேர்ந்து வன்கொடுமைக்கு ஆளாக்கினர் என்பது வழக்கு. 1995-இல் கீழ்க் கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தப் பெருங்குற்றத்திலிருந்து விடுவித்தது. விறகுத் தொட்டித் தராசு அசையவில்லை. ஆனால் 'விசாகா' முதலிய பெண்கள் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டில் வேறொரு கேள்வியை எழுப்பின. வேலை செய்யப் போன இடத்தில் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேராமல் காப்பது யாருடைய பொறுப்பு? 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், அது வேலை கொடுத்தவரின் பொறுப்பு என்று அந்த நீதிமன்றம் கூறியது. ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார்க் குழு வேண்டும் என்றும் விதித்தது. அந்தத் தீர்ப்பே வளர்ந்து 2013-ஆம் ஆண்டுச் சட்டமாகி, அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பன்வாரி தேவிக்கு அவர் நாடிய நீதி கிட்டவில்லை. இன்று அலுவலகங்களில் பணியாற்றும் லட்சக்கணக்கான பெண்களுக்கு அவரால் ஒரு கவசம் கிடைத்தது.

இந்தச் சட்டம் வந்த மறு ஆண்டுதான் நான் முன்பு குறிப்பிட்ட பெண் என்னிடம் வந்தாள். 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது. எங்கள் கோட்டூர்புரத்திலேயே, ஆற்றோரக் குடியிருப்பில் தாயோடு வசித்தவள். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. மேலாளரின் நடத்தையைச் சொல்லி அழுதாள். இரண்டு மாதங்களாக அவள் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அப்போது அருகில் இருந்தவர்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். நான் ஆயுள் முழுவதும் குற்ற வழக்குகளிலேயே பழகியவன். நோட்டைப் படித்துவிட்டு, "அம்மா, இது தெளிவான குற்றம். போலீசில் பிராது கொடுப்போம்" என்றேன். பிராது எழுதியதும் நானே.

சட்டம் அளித்த மற்றொரு வழியை நான் அவளுக்குச் சொல்லவில்லை. நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். விசாரணை நடக்கும்போதே, அவள் எழுதிக் கேட்டால், அவளையோ அந்த மேலாளரையோ வேறிடத்துக்கு மாற்றச் செய்யலாம்; மூன்று மாதம் வரை விடுப்பும் வாங்கித் தரலாம். தொண்ணூறு நாளில் விசாரணை முடியவேண்டும். இவையெல்லாம் அச்சட்டத்தில் இருந்தன. எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் குழுவின் முன் கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் வாதாடக் கூடாது என்று விதி இருக்கிறது. எனக்கு நாற்காலி இல்லாத இடத்தை நான் ஓர் இடமாகவே கருதவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் உண்மை அதுதான்.

ஆறு மாதங்கள் கழிந்தன. நிறுவனத்தில் ஆட்குறைப்பு என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது, அவள் வீட்டிலும் தண்ணீர் ஏறியது. அந்த நோட்டும் போயிற்று. நான் அதற்கு நகல் எடுத்து வைக்கவில்லை. வழக்கு 2018-இல் விசாரணைக்கு வந்தபோது, உடன் வேலை செய்தவர்கள் கூண்டில் ஏறி, தாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களுக்கு அங்கே இன்னும் வேலை இருந்தது. மேலாளர் விடுதலை ஆனார். மாஜிஸ்திரேட் மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் தராசில் அந்தச் சான்று போதாது. நான் அந்த இடத்தில் அமர்ந்திருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் எழுதியிருப்பேன்.

கோர்ட்டு வாசலில் அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், அவர் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்று நான் உங்களிடம் கேட்டேனா? அவர் உட்காரும் அறையில் உட்காராமல் வேலை செய்ய ஒரு வழி கேட்டுத்தானே வந்தேன்" என்றாள். வெகு நேரம் எனக்குப் பதில் தோன்றவில்லை. அவள் முதல் நாள் வந்தபோது சொன்ன வார்த்தைகளும் ஏறக்குறைய அவையே. நான் அவள் நோட்டைப் படித்தேனே தவிர, அவளைக் கேட்கவில்லை. பிற்பாடு அறிந்தேன்: அந்த நிறுவனத்தின் மாடிப்படி ஓரத்தில், புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்கள் கொண்ட அறிவிப்பு ஒட்டப்பட்டே இருந்தது. அதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

போலீசில் பிராது கொடுத்ததே தவறு என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். இரண்டு வழிகளிலும் ஒரே சமயத்தில் செல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. குற்ற வழக்குத் தொடுக்க விரும்பும் பெண்ணுக்கு நிறுவனமே துணை செய்யவேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கொடிய குற்றங்களில் போலீசுக்குச் செல்வதே முதற் காரியம். பாலியல் தொல்லையை 2013 முதல் இந்தியத் தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் குற்றமாகவே வைத்திருக்கின்றன. நான் செய்த பிழை, ஒரு தராசை மட்டும் காட்டி, மற்றொன்று இருப்பதை மறைத்தது.

ஆகையால், இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் எவரேனும் வேலையிடத்தில் அநீதிக்கு ஆளாகியிருந்தால், அவர்களுக்கு ஒரு கிழ வக்கீல் சில வார்த்தைகள் சொல்லலாம் அல்லவா? நடந்ததை நடந்த அன்றே தேதியிட்டு எழுதி வையுங்கள். நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். காலக்கெடுவை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்தில் மூன்று மாதம் என்பது வாழ்க்கையில் மிகக் குறுகிய காலம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானால், உள்ளகக் குழு இராது. மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் அதுவே இடம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று அஞ்சவேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், தொழிலாளர்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. பெண்ணாக இருந்தால் அவளுடைய வருமானம் என்ன என்று பார்ப்பதில்லை. ஹைகோர்ட் அருகில் மாநில ஆணைக்குழுவும், மாவட்டந்தோறும் மாவட்ட ஆணைக்குழுவும் இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டு வேலையை இழந்து நிற்பவரும் அங்கே செல்லலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. அவருக்கும் ஒரு குரல் வேண்டும் என்பதையே கோலார் வழக்கு காட்டியது. 2023-இல் கோவாவிலிருந்து வந்த வழக்கு ஒன்றில், அவசரம் அவசரமாக நடத்திய குழு விசாரணையைச் சுப்ரீம் கோர்ட் ஏற்க மறுத்தது. அதே தீர்ப்பில், இத்தகைய குழுக்கள் முறையாக அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று நாடு முழுவதும் பார்க்கும்படியும் ஆணையிட்டது.

என் தொழிலில் புதிதாகப் புகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்சிக்காரர் கொண்டு வரும் காகிதங்களைப் படிக்குமுன், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். வேலை வேண்டுமா, மாற்றம் வேண்டுமா, சம்பள பாக்கி வேண்டுமா, விதி மாறவேண்டுமா, தண்டனை வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, காலக்கெடு வேறு, நிரூபணம் வேறு. சில வழிகளில் நமக்குப் பேச இடம் இராது, பீஸும் இராது. அப்போதும் அந்த வழியைச் சொல்லி அனுப்புவது நம் கடமை.

அந்தப் பெண் இப்போது வேறொரு நிறுவனத்தில் பணியாற்றுகிறாள். கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் சில காலை வேளைகளில் அவளைப் பார்ப்பதுண்டு. நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். சென்ற ஆண்டு ஒரு நாள், தன் அலுவலகத்தில் புகார்க் குழுவில் தன்னையும் உறுப்பினராக நியமித்திருக்கிறார்கள் என்றாள். "வருகிறவர்களிடம் முதலில் என்ன கேட்கிறாய்?" என்றேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே, "உங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்கிறேன், சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.